மாட்டெலும்பும் மஞ்சள் படிகமும்

கல்கத்தாவில் ஜனவரி மாதம் மழை பெய்வது அபூர்வம். அந்தத் தைரியத்தில்தான் பிரஃபுல்ல சந்திர ராய் மாட்டெலும்புகளை மொட்டைமாடியில் காயப்போட்டார். ராஜாபஜார் கசாப்புக்காரர்களிடம் மூட்டை மூட்டையாக வாங்கி வந்தவை. சதையும் நரம்பும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்பர் சர்க்குலர் சாலை 91ஆம் எண் வாடகை வீடு அது. கீழே அமில ஜாடிகளும் மருந்துப் புட்டிகளும், மேலே எலும்பு. அந்த வருஷம் பார்த்து மழை பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் விடவில்லை. சதை அழுகிப் புழு நெளிந்தது. காக்கைகள் கூட்டமாக வந்து கொத்தித் தின்றன, தின்றது போக மிச்சத்தை அக்கம்பக்கத்து வீடுகளில் போட்டுவிட்டுப் போயின. சுற்றிலும் ஆசாரமான இந்துக் குடும்பங்கள். உடனே அகற்றாவிட்டால் சுகாதார அதிகாரியிடம் போவோம் என்று வாசலில் வந்து நின்றார்கள்.

எலும்பு மாணிக்தலாவில் ஒரு காலி மனைக்குப் போனது. அங்கே செங்கல் சூளை மாதிரி அடுக்கி இரவில் தீ மூட்டினார்கள். நடுநிசியில் நெருப்பைப் பார்த்து ரோந்துப் போலீஸ்காரர் ஓடிவந்தார். யாரையோ கொன்று பிணத்தை எரிக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். எரிவது மாட்டெலும்புதான் என்று விளங்கவைத்து அவரை அனுப்பவேண்டியிருந்தது.

மிஞ்சிய சாம்பலுக்காகத்தான் இத்தனை பாடும். எலும்புச் சாம்பலில் கந்தக அமிலத்தை ஊற்றினால் சுண்ணாம்பின் சூப்பர் பாஸ்பேட் கிடைக்கும். அதைச் சோடா உப்போடு வினைபுரிய வைத்தால் சோடியம் பாஸ்பேட். சோடியம் பாஸ்பேட் பிரிட்டிஷ் மருந்துப் பட்டியலில் இடம்பெற்ற சரக்கு. இங்கிலாந்திலிருந்து புட்டியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவிலிருந்து எலும்பு கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த காலமும் அதுவே. இதைச் செய்தவர் எடின்பரோவில் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர், பிரசிடென்சி கல்லூரியில் உதவிப் பேராசிரியர், மேல்சாதி ஜமீன் வீட்டுப் பிள்ளை. காலையில் வகுப்பெடுத்துவிட்டுச் சாயங்காலம் நாலரை மணிக்கு வீடு திரும்பி, முந்தின நாள் பாதியில் விட்ட கொதிகலனுக்கு முன்னால் போய் உட்காருவார். வேலையை மாற்றிச் செய்வதே தனக்கு ஓய்வு என்பது அவர் கணக்கு.

ராயைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்த எலும்புக் கதையை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, இந்திய வேதியியலின் தந்தை என்ற பட்டத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அவருடைய வாழ்க்கை முழுக்க அந்த மொட்டைமாடியில்தான் இருக்கிறதென்று தோன்றுகிறது. பட்டங்கள் எனக்கு அலுப்பு. ஒரு துறைக்குத் தந்தை என்று ஒருவரை அறிவித்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று கேட்க யாருக்கும் அக்கறை இருப்பதில்லை.

பிறந்தது 1861 ஆகஸ்ட் 2. இன்று வங்கதேசத்தின் குல்னா மாவட்டத்தில் இருக்கும் ராருலி கிராமம். தாகூர் பிறந்து மூன்று மாதம் கழித்து. தந்தை ஹரிஷ் சந்திரர் பாரசீகமும் ஆங்கிலமும் படித்தவர். வீட்டில் நல்ல நூலகம். கல்கத்தாவுக்கு வந்து ஹேர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையனை 1874இல் வயிற்றுக்கடுப்பு கிடத்தியது. பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு இரண்டு வருஷம் அப்பாவின் அலமாரியிலிருந்து எடுத்தெடுத்துப் படித்தான். வயிற்றுக் கோளாறும் தூக்கமின்மையும் அதன் பிறகு கடைசிவரை விடவில்லை. படிப்பும்தான்.

வித்யாசாகரின் மெட்ரோபாலிடன் கல்லூரி மாணவராக இருந்துகொண்டே அறிவியல் வகுப்புகளுக்குப் பிரசிடென்சிக்குப் போய்வந்தார். அங்கே அலெக்சாண்டர் பெட்லர் மேசை மேல் சோதனைகளைச் செய்துகாட்டிப் பாடம் நடத்துவார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நண்பனின் அறையில் ஒரு குட்டி ஆய்வுக்கூடம் போட்டார்கள். மெல்லிய தகரத்தில் செய்த ஊதுகுழல் ஒருநாள் வெடித்தது. 1882இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை கிடைத்து எடின்பரோ. அங்கே கிரம் பிரவுனிடம் வேதியியல். 1887இல் டாக்டர் பட்டம். நடுவில், சிப்பாய்க் கலகத்துக்கு முன்னும் பின்னுமான இந்தியாவைப் பற்றிப் பல்கலைக்கழகம் அறிவித்த கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்டு ஆங்கில ஆட்சியை விளாசியிருந்தார். பரிசு கிடைக்கவில்லை. ஆச்சரியமும் இல்லை.

1888இல் திரும்பியவருக்கு ஏறத்தாழ ஒரு வருஷம் வேலை இல்லை. ஜகதீஷ் சந்திர போஸ் வீட்டில் தங்கியிருந்தார். கல்விப் பணியின் மேல்தட்டுக்கு லண்டனில் ஆள் எடுத்தார்கள்; இந்தியர்களுக்குக் கீழ்த்தட்டு. 1889இல் 250 ரூபாய் சம்பளத்தில் தற்காலிக உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. தன் தகுதிக்கு இது அநியாயம் என்று கல்வி இயக்குநர் க்ராஃப்ட்டிடம் முறையிட்டார். வாழ்க்கையில் வேறு வழிகளும் இருக்கின்றன, இந்த வேலையைத்தான் ஏற்க வேண்டும் என்று உம்மை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்ற பதில் கிடைத்தது. அந்த வேறு வழி எலும்புச் சூளை வரைக்கும் போகும் என்று க்ராஃப்ட் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

அவர் கையில் எடுத்தவற்றில் எலும்போடு நெய்யும் கடுகெண்ணெயும் சேரும். கல்கத்தாக் கடைகளில் விற்ற நெய்யிலும் எண்ணெயிலும் எவ்வளவு கலப்படம் என்று கண்டறிவதுதான் அவர் எடுத்துக்கொண்ட முதல் பெரிய ஆய்வு. கலப்படத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் கலப்படமில்லாத சரக்கு எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டுமே. ஐரோப்பியப் பாடநூல்களில் இருந்த எண்கள் அங்குள்ள மாட்டுக்கும் அங்குள்ள வெண்ணெய்க்கும் உரியவை. வங்காளத்துப் பசுவும் எருமையும் கொடுக்கும் பாலின் கொழுப்புக்கு அளவை யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. ஆகவே ராய் தன் கண்ணெதிரே பால் கறக்கச் சொன்னார். அந்தப் பாலிலிருந்து வெண்ணெய் எடுத்து உருக்கவைத்தார். கடுகைத் தன் மேற்பார்வையில் ஆட்டுவித்து எண்ணெய் எடுத்தார். பிறகுதான் சோதனைக் குழாய். மூன்று வருஷ உழைப்பு, 1894இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் கட்டுரையாக வந்தது. அவரைப் புகழ்கிறவர்கள் இந்தக் கட்டுரையைப் பெயரளவுக்குத்தான் சொல்லுவார்கள். புதிய பொருள் எதுவும் அதில் இல்லை. ஆனால் ஒரு நாட்டில் வேதியியல் வேர் பிடிப்பதற்கு முன்னால் இந்த மாதிரிச் சலிப்பூட்டும் வேலையை ஒருவர் செய்தாக வேண்டியிருக்கிறது. இன்று நம் ஊர் உணவு ஆய்வுக்கூடம் நெய்யை எடுத்துப் பார்த்து இது சுத்தம், இது மட்டம் என்று சொல்வதற்குப் பின்னால் இப்படி யாரோ தொழுவத்தில் நின்ற காலைகள் இருக்கின்றன.

1892இல் ராய் தொடங்கிய மருந்துக் கம்பெனியான பெங்கால் கெமிக்கலுக்கு முதலீடு 700 ரூபாய் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் தொகை. நூல்களில் இது வெற்றிக் கதையாகத்தான் வரும். 1901இல் லிமிடெட் கம்பெனி, பிறகு மாணிக்தலாவில் பெரிய ஆலை, பானிஹாட்டியில் இன்னொன்று. எனக்கு அதன் தோல்விகள்தான் சுவாரசியமாகத் தெரிகின்றன. எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுத்துப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. உவர்மண்ணிலிருந்து சோடா எடுத்துப் பார்த்தார். இங்கிலாந்தின் பிரன்னர் மாண்ட் கம்பெனி மலைமலையாக உற்பத்தி செய்து அனுப்பும் சோடாவின் விலைக்கு முன்னால் அது நிற்கவில்லை. பழைய இரும்பைக் கந்தக அமிலத்தில் கரைத்து அன்னபேதி செய்தது தேறியது. எலும்பு தேறியது. செய்த மருந்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், பேர்பெற்ற சீமைச் சரக்கே தேங்கிக் கிடக்கிறது, நாட்டுச் சரக்கை யார் வாங்குவார்கள் என்றார்கள் வியாபாரிகள். படித்தவன் சரக்குச் செய்யலாம், ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கக் கூச்சப்படுவான் என்பது அன்றைய கல்கத்தா அறிந்த உண்மை. ராய்க்கு அந்தக் கூச்சம் இல்லை.

கைகொடுத்தவர் டாக்டர் அமூல்ய சரண் போஸ். தொழில் செய்யும் மருத்துவர். மற்ற மருத்துவர்களிடம் பேசி இந்தச் சரக்கை எழுதிக்கொடுக்கவைத்தார். சீமை மருந்துகளைப் பிரதியெடுப்பதோடு நிற்காமல் நாட்டு மூலிகைகளையும் புட்டியில் அடைப்போம் என்ற யோசனையும் அவரோடு வந்தது. ஆடாதோடை சிரப், நிலவேம்புச் சத்து, குடசப்பாலைச் சத்து, பிறகு லத்தீன் பெயர் சூட்டிக்கொண்டு கடைக்கு வந்த ஓமவாட்டர். கவிராஜர்கள் கஷாயமாகக் காய்ச்சிக் கொடுத்ததையே அளவும் தரமும் நிர்ணயித்து லேபிள் ஒட்டிக் கொடுத்தார்கள். அமூல்யரின் மைத்துனர் சதீஷ் சந்திர சின்ஹா எம்.ஏ. படித்த வேதியியலாளர், இளைஞர். ஆலைக்கு வந்து சேர்ந்தார். ஹைட்ரோசயனிக் அமில விபத்தில் இறந்துபோனார். 1898இல் கல்கத்தாவில் பிளேக் வந்தபோது அமூல்யரும் அதில் போனார். நிறுவனம் வேரூன்றும் முன்பே தோள்கொடுத்த இருவரும் இல்லை. ராய் மறுநாளும் நாலரை மணிக்குக் கொதிகலனிடம் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் சுபாவம் அது.

இந்தக் களேபரங்களுக்கு நடுவே, 1895 வாக்கில், மஞ்சள் படிகம் வந்தது.

கலோமெல் என்பது பாதரசத்தின் ஒரு குளோரைடு. நம் சித்த வைத்தியர்கள் பூரம் என்று அழைக்கும் அதே சரக்கு. அதைச் செய்ய ஒரு வழி, முதலில் மெர்க்குரஸ் நைட்ரேட்டைச் செய்துகொள்வது. பாதரசத்தின் மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றி, சூடு காட்டாமல் வைத்துவிட வேண்டும். நிறமில்லாத படிகம் வரவேண்டும். ராய் பெரிய அளவில் ஊற்றி வைத்திருந்தார். பாதரசத்தின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு படிவு படர்ந்திருந்தது.

எந்த ஆய்வுக்கூடத்திலும் நடப்பதுதான். வேண்டாத நிறம் வந்தால் கொட்டிவிட்டு மறுபடி செய்வது வழக்கம். ஏதோ கார உப்பாக இருக்கும் என்று அவரும் முதலில் நினைத்தார். ஆனால் அமிலம் இவ்வளவு மிதமிஞ்சி இருக்கிற கரைசலில் கார உப்பு எப்படிப் படியும்? அங்கேதான் அவர் நின்றார். படிவைப் பிரித்தெடுத்துச் சோதித்தால் மெர்க்குரஸ் உப்பு என்றது ஒரு சோதனை. நைட்ரைட் என்றது இன்னொன்று. அமிலத்தின் ஒரு பகுதியைப் பாதரசமே நைட்ரஸ் அமிலமாகக் குறைத்து, அதோடு சேர்ந்து உப்பாகியிருந்தது. மெர்க்குரஸ் நைட்ரைட்: வேதியியல் நூல்களில் அதுவரை இல்லாத பொருள். 1896இல் ஆசியக் கழகத்தின் இதழில் வெளியானது. அந்த மே மாதமே லண்டன் ‘நேச்சர்’ அதைக் குறிப்பிட்டது.

அந்தப் பொருளைப் பற்றி யோசிக்க யோசிக்க விநோதமாக இருக்கிறது. மெர்க்குரஸ் அயனி என்பது இரண்டு பாதரச அணுக்கள் கைகோத்து நிற்பது. சமயம் வாய்த்தால் பிரிந்துவிடும். ஒன்று உலோகமாகத் திரும்பும், மற்றொன்று மெர்க்குரிக் நிலைக்குப் போகும். நைட்ரைட்டும் நிலைகொள்ளாதது. ஒன்று ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு நைட்ரேட் ஆகும், அல்லது அமிலம் பட்டால் பழுப்புப் புகையாய்ப் போகும். இப்படி ஓடத் துடிக்கும் இரண்டு சேர்ந்து, படிகமாக, எடுத்துப் புட்டியில் வைக்கிற அளவுக்கு உறுதியாக நிற்கின்றன. இதில் தத்துவம் தேடுவது என் வேலையில்லை. ராயும் தேடவில்லை. அடுத்த நைட்ரைட்டுக்குப் போனார், அதிலிருந்து அடுத்ததற்கு. காரமண் உலோகங்கள், அமீன்கள் என்று ஒவ்வொன்றாய். அமோனியம் நைட்ரைட் சூடு பட்டால் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் சிதறிவிடும் என்பது பாடநூல் செய்தி. காற்றை வெளியேற்றிய கலனில் நிதானமாகச் சூடேற்றினால் அது சிதறாமல் ஆவியாகும் என்று காட்டி, ஆவியின் அடர்த்தியையும் அளந்து 1912இல் லண்டனில் அறிவித்தார். வில்லியம் ராம்சே எழுந்து பாராட்டினார். மந்த வாயுக்களைக் கண்டுபிடித்த ராம்சேயின் பாராட்டு லேசுப்பட்டதல்ல.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராயை மெந்தலீவோடும் ஃபிஷரோடும் வைத்துப் பேசுகிறவர்கள் அவருக்கு உபகாரம் செய்வதில்லை. புதிய உப்புகளைச் செய்வதிலும் இனம் காண்பதிலும் தேர்ந்த கை அவருடையது. கோட்பாட்டைப் புரட்டிப் போட்டவர் என்று சொல்ல முடியாது. அப்படியானால் எதில் பெரியவர்? அதற்கு அவருடைய புத்தகத்துக்குப் போக வேண்டும்.

பாரிஸில் மார்சலின் பெர்த்தெலோ கிரேக்க, அரபு ரசவாதத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். ராய் அவருக்குக் கடிதம் எழுதினார். இந்திய ரசவாதத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை என்று பதில் வந்தது. ஒரு சிறு ஆய்வுரையை அனுப்பினார். பெர்த்தெலோ அதைப் படித்துப் பெரிய மனசோடு விரிவான மதிப்புரை எழுதினார். அதன்பின் சுவடிகளைத் திரட்டி, பண்டிதர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு எழுதியதுதான் இந்து வேதியியலின் வரலாறு. முதல் பாகம் 1902, இரண்டாம் பாகம் 1909. தோலா யந்திரம், பாதன யந்திரம், மூசை வகைகள் என ஆய்வுக் கருவிகளின் படங்கள் அதில் உண்டு. தான் செய்துகாட்ட முடிந்ததை மட்டும் சொல்கிறவனே ஆசான் என்கிற ரசேந்திர சிந்தாமணி நூலாசிரியரை ராய்க்கு ரொம்பப் பிடித்துப்போனது. தன் ஆள் என்று நினைத்திருப்பார்.

பழம்பெருமை பேச அருமையான சந்தர்ப்பம். ஆண்டுகொண்டிருப்பவன் முன்னால் மார்தட்டிக்கொள்ளத் தோதான நூல். முதல் பாகத்தை முடிக்கும் இடத்தில் ராய் வேறொரு கேள்வியைக் கேட்டார்: இவ்வளவும் இருந்தது என்றால் பிறகு எங்கே போனது? அவர் சொன்ன பதில் சாதி. பிணத்தை அறுத்துப் பார் என்று சுஸ்ருதர் சொன்ன நாட்டில், பிணத்தைத் தொட்டால் தீட்டு என்று மனு சொன்னபின் அறுவைக் கத்தி நாவிதர் கைக்குப் போயிற்று. சாயம், உலோகம், அமிலம் எல்லாம் கீழ்ச்சாதிக்காரர்களின் குலத்தொழிலாயின. ஏன், எப்படி என்று கேட்கப் படித்திருந்த கூட்டம் பொருளைத் தொடுவதை விட்டது. தொட்டவர்களுக்குப் படிப்பு மறுக்கப்பட்டது. போதாக்குறைக்குக் காணும் உலகமே மாயை என்ற சங்கரரின் போதனை. புறவுலகம் பொய்யென்று நம்பும் நாட்டில் ஒரு பாயிலோ நியூட்டனோ பிறப்பதெப்படி என்பது அவர் ஆதங்கம். 1902இல், சுதேசி அலை எழப்போகும் நேரத்தில், கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு ஒரு தேசியவாதி இதை எழுதியிருக்கிறார். இன்று எழுதினால் என்னென்ன நடக்கும் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வாதத்தில் எனக்கு ஓர் இடத்தில் நெருடல் உண்டு. படிப்பு மறுக்கப்பட்ட கைவினைஞர்களிடம் கேள்வியும் இல்லாமல் போயிற்று என்று ராய் எடுத்துக்கொள்கிறார். சாயத்தொட்டியில் கைவிட்டு இன்னும் எத்தனை நேரம் என்று கணித்தவனிடம், மூசையின் நிறத்தைப் பார்த்து உருகு நிலையைச் சொன்ன தட்டானிடம், கேள்வி இல்லாமலா இருந்திருக்கும்? எழுதிவைக்காத கேள்வி அது. ஆங்கிலக் கல்வி பெற்ற கனவான் எழுத்தில்தான் அறிவைத் தேடுவார். ராயும் அதற்கு விலக்கில்லை. அவர் கைக்கு வந்த சுவடிகளும் பெரும்பாலும் சமஸ்கிருதம். பூரம், வீரம், லிங்கம் என்று பாதரசச் சரக்குகளைப் பாகம் பிரித்துவைத்த நம் சித்தர் மரபு அந்த வரலாற்றுக்குள் வரவில்லை. எலும்பு மூட்டையைச் சுமந்தவர்களும் விற்றவர்களும்கூட அவர் தன்வரலாற்றில் பெயரில்லாமல்தான் வருகிறார்கள்.

என்றாலும் அவர் எழுதியதையும் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தீட்டு இந்த நாட்டின் அறிவியலைக் கொன்றது என்று 1902இல் எழுதியவர், பத்து வருஷத்துக்கு முன்பே மாட்டெலும்பை வீட்டுக்கு மேலே காயப்போட்டிருந்தார். புத்தகம் பின்னால் வந்தது, கை முன்னால் போய்விட்டது. அக்கம்பக்கத்தாரின் கூச்சலில் அவர் கேட்டது நாற்றத்தைப் பற்றிய புகாரை மட்டும்தானா? தொடக்கூடாததைத் தொடுகிறான் என்ற பயமும் அதில் இருந்திருக்கும். பொருளைத் தொடாமல் வேதியியல் இல்லை. படித்த வங்காளியைப் பொருளைத் தொடவைத்தது, அவன் சட்டையில் அமிலக் கறை பட்டால் அது கௌரவக் குறைச்சல் இல்லை என்று ஆக்கியது: ராய் செய்த பெரிய காரியமாக நான் காண்பது இதை. மெர்க்குரஸ் நைட்ரைட்டை அவர் கண்டிராவிட்டால் இன்னொருவர் கண்டிருப்பார்.

1909 முதல் பிரசிடென்சியில் அவர் வகுப்புக்கு வந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: மேகநாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ், ஞானசந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி. அவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் நீல்ரதன் தர். இதில் சாஹா கிழக்கு வங்கத்துச் சிறு கடைக்காரரின் மகன். ஈடன் இந்து விடுதியில் மேல்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே பந்தியில் உட்கார மறுத்தார்கள். வகுப்பில் ராய் நடத்திய பாடத்துக்கும் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே சில நூறு அடிதான் இருக்கும். நட்சத்திர ஒளியைப் படித்து அதன் வெப்பத்தைச் சொல்லும் சமன்பாடு பிற்பாடு அந்தப் பையனிடமிருந்து வந்தது.

1916இல் அசுதோஷ் முகர்ஜி ராயைப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு அழைத்துக்கொண்டார். தாரக்நாத் பாலித் கொடுத்த நிதியில் உண்டான பேராசிரியர் பதவிக்கு இந்தியர்கள்தான் வரலாம் என்று கொடைப் பத்திரத்திலேயே விதி. க்ராஃப்ட்டின் பதிலைக் கேட்டவருக்கு அந்த வரியைப் படிக்க எப்படி இருந்திருக்கும்! வேதியியலுக்குப் பாலித் பேராசிரியர் ராய். அடுத்த வருஷம் இயற்பியலுக்கு அதே பதவியில் வந்து சேர்ந்தவர் நம் சி.வி. ராமன், அரசாங்கக் கணக்குத் துறையின் கொழுத்த சம்பளத்தை உதறிவிட்டு. கல்லூரி இருந்தது அப்பர் சர்க்குலர் சாலை 92. எலும்பு காய்ந்த வீட்டுக்கு அடுத்த எண். ஊர்க்காரர்கள் அதை ராஜாபஜார் கல்லூரி என்றுதான் சொல்வார்கள். அங்கேயே ஓர் அறையில் குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏழை மாணவர்கள் சிலர் கூடவே தங்கிச் சாப்பிட்டுப் படித்தார்கள். 1921இல் அறுபது நிறைந்ததும், இனிமேல் வரும் சம்பளம் முழுவதையும் வேதியியல் துறையின் வளர்ச்சிக்கே பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதிக்கொடுத்தார். அதன் பிறகும் பதினைந்து வருஷம் வேலை பார்த்தார். 1944 ஜூன் 16இல் அதே அறையில் காலமானார்.

கடைசி இருபது வருஷங்களில் ஆராய்ச்சி குறைந்து பொதுக்காரியம் கூடிவிட்டது. 1922இல் வட வங்காள வெள்ளத்தின்போது நிவாரணக் குழுவை அவர்தான் நடத்தினார். அறிவியல் கல்லூரியே துணி மூட்டைகளும் அரிசி மூட்டைகளும் அடுக்கிய கிடங்கானது. 1924இல் இந்திய வேதியியல் கழகத்தைத் தொடங்கி முதல் தலைவரானார். ராட்டையைப் பரப்பப் புறப்பட்டதுதான் பலருக்குப் புரியாத விஷயம். நாட்டின் முதல் மருந்தாலையைக் கட்டியவர், கந்தக அமிலக் கோபுரம் எழுப்பியவர், கைராட்டையைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறார். அவருடைய ஆலையின் மேலாளராக இருந்த வேதியியலாளர் சதீஷ் சந்திர தாஸ்குப்தா வேலையை விட்டுவிட்டுக் காந்தியோடு போய் சோதேபூரில் காதி நிலையம் வைத்தார். முரண்பாடு என்று எழுதுகிறார்கள். ஆறு மாதம் வயலில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் விவசாயியின் கையைப் பார்த்தவருக்கு அது அப்படித் தெரிந்திராது. ராட்டையால் வங்காளத்தின் வறுமை தீரும் என்ற அவர் நம்பிக்கையை இன்று பின்னோக்கிப் பார்த்து ஏற்க முடியவில்லை, அது வேறு.

பெங்கால் கெமிக்கல் 1980இல் நாட்டுடைமையானது. பல பத்தாண்டு நஷ்டத்துக்குப் பிறகு, அதை விற்றுவிடலாம் என்று மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. தொழிலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்கு மலேரியா மாத்திரை கேட்கும் என்று உலகமே அதைத் தேடி அலைந்தபோது எல்லோருக்கும் இந்தக் கம்பெனியின் பெயர் திடீரென ஞாபகம் வந்தது. மாத்திரை கேட்கவில்லை. கம்பெனியும் திரும்ப மறக்கப்பட்டது. ஓமவாட்டரும் பினாயிலும் இன்னமும் விற்கின்றன.

அந்தக் கம்பெனியிலிருந்து வெளியான சரக்குகளில் இலக்கியமும் ஒன்று என்பதை இலக்கியப் பத்திரிகையில் சொல்லாமல் விடக்கூடாது. ராஜசேகர் பாசு 1903இல் அங்கே வேதியியலாளராகச் சேர்ந்து, பிறகு மேலாளராகி நிர்வாகத்தைத் தூக்கி நிறுத்தியவர். நாற்பது வயதுக்கு மேல் பரசுராம் என்ற பெயரில் அங்கதக் கதைகள் எழுதத் தொடங்கினார். முதல் தொகுதியைத் தாகூர் வாயாரப் புகழ்ந்தார். ராய் உடனே தாகூருக்கு ஒரு பொய்க்கோபக் கடிதம் போட்டார்: இப்படிப் புகழ்ந்தால் என் ஆள் அமிலத்தை விட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்துக்கொள்வான், என் தொழிற்சாலை என்னாவது? இலக்கியத்துக்கு வரவேண்டிய எத்தனை பிள்ளைகளை நீங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள், இது அதற்குப் பதிலடி என்கிற தோரணையில் தாகூர் திருப்பி எழுதினார். பாசு இரண்டையும் விடவில்லை. 1922இல் வந்த அவருடைய முதல் கதை ‘ஸ்ரீஸ்ரீ சித்தேஸ்வரி லிமிடெட்’. ஒரு பொருளும் உற்பத்தி செய்யாமல், அம்மன் பெயரில் கம்பெனி பதிவு செய்து ஊராருக்குப் பங்கு விற்றுத் தின்கிற கும்பலைப் பற்றியது. எலும்பை எரித்துச் சரக்குச் செய்த கம்பெனியின் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதினார். சுதேசி ஆண்டுகளில் இப்படி முளைத்த கம்பெனிகளை அவர் நிறையவே பார்த்திருந்தார்.